முப்பத்தொன்றாம் நம்பர் பேய்

போன மாதம் புத்தகம் சேர்க்கிற நம் ஆட்கள் நாலைந்து பேர் குரோம்பேட்டையில் ஒருவர் வீட்டில் கூடியிருந்தோம். வீட்டுக்காரர் ஒரு பேய்க் கதைப் புத்தகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு வந்தார். இருநூறே பிரதிகள் போட்டதாம். எழுத்தாளர் கையெழுத்து, ஓவியர் கையெழுத்து, கெட்டி அட்டைப் பெட்டி, அதற்கு மேல் கண்ணாடிக் காகித உறை. கொஞ்சம் பிரித்துக் காட்டுங்கள் என்றேன். கொலைகாரியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். உறையைப் பிரித்தால் மதிப்புப் போய்விடுமாம். அறுபதைத் தாண்டிய மனிதர், உள்ளே பேய் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் பெட்டிக்குக் காவல் இருக்கிறார்.

சிரிக்காதீர்கள், நானும் உங்கள் கூட்டம்தான். என் அலமாரியிலும் நம்பர் போட்ட புத்தகங்கள் வரிசையாக நிற்கின்றன. ஓவியரிடம் ஒரு கையெழுத்து வாங்க முட்டி வலிக்க வலிக்க வரிசையில் நின்றிருக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு வீட்டுக்கு வரும்வரை எனக்கு ஆறவில்லை. நம்பர், கையெழுத்து, குறைந்த பிரதி என்று நாம் பேசிக்கொள்கிற எல்லாவற்றையும் நான் பன்னிரண்டு வயதில், ஒரே கோடை விடுமுறையில் பார்த்து முடித்தவள். அதை இத்தனை நாள் உங்களிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

தாம்பரம் மேற்கில், ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில் எங்கள் வீடு. அப்பா நகரத்துக்குள் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். காலையில் மின்சார ரயிலைப் பிடித்தால் பொழுது சாயும்போதுதான் திரும்புவார். அம்மா டீச்சர். பள்ளிக்கூடம் விட்ட பிறகும் அவர் டீச்சர்தான். மே மாதம் எங்கள் சபையில் பிள்ளைகளுக்காக நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

அந்த ஏப்ரலில் ரயில் நிலைய வாசல் புத்தகக் கடையில் ஒரு பேய்ச் சித்திரக் கதையின் முதல் பாகம் வந்து தொங்கியது. பத்து நாளைக்கு ஒன்றாக மொத்தம் ஆறு பாகங்கள். பல்லாவரத்தில் யாரோ ஒரு சின்ன அச்சகத்தில் போட்டது. தாள் படுமட்டம். ஒரு பாகம் இருந்த அளவில் அடுத்த பாகம் இருக்காது. மை சரியாகக் காயாமல் கட்டை விரலில் ஒட்டும், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும். ஆனால் படங்கள் இருக்கிறதே! பாழடைந்த பங்களாவின் மாடிப்படியில் ஒரு கை மட்டும் தனியாக இறங்கி வரும். வெயிலில் நின்ற இடத்திலேயே நின்று முழுவதையும் படித்தேன். எனக்குப் பயமே வரவில்லை. சந்தோஷம்தான் தாங்கவில்லை.

ஒவ்வொரு பாகத்திலும் நூறு பிரதிகளில் மட்டும் ஓவியர் கைப்படக் கையெழுத்துப் போட்டிருந்தார். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில், பச்சை மையில், ஒரு நம்பர், அதன் கீழே கையெழுத்து, பக்கத்தில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு குட்டிப் படம். எனக்கு வாய்த்தது முப்பத்தொன்றாம் நம்பர். குட்டிப் படத்தில் இருந்தவை கொலுசு போட்ட இரண்டு பாதங்கள், பின்பக்கமாகத் திரும்பியவை.

“இன்னாம்மா அப்பிடி பாக்குற? கால்லேர்ந்து ஆரம்பிச்சுக்கிறாரு,” என்றார் கடைக்கார அண்ணா. “ஆறு பாகமும் இதே நம்பர்ல சேர்த்தீன்னு வையி, உன் நம்பருக்குன்னு ஒரு முழுப் பேய் வரும். அந்தப் பேய் இந்த ஊர்ல வேற எவன்கிட்டயும் இருக்காது.”

எனக்கு அப்போது இருந்த எதுவுமே முதலில் வேறு யாருடையதாகவோ இருந்தது. சட்டை சித்தி மகள் போட்டது, பாடப் புத்தகம் பக்கத்து வீட்டுப் பையன் படித்தது, செருப்பு கூட யாரோ தேய்த்தது. எனக்கே எனக்கென்று ஒரு பேய் என்றதும் உள்ளுக்குள் ஏதோ நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டது.

“அண்ணா, முப்பத்தொண்ணை வேற யாருக்கும் குடுத்துடாதீங்க.”

“குடுக்க மாட்டேன், போ.”

அந்த வார்த்தையை அவர் காப்பாற்றினார். வாரப் பத்திரிகைக் கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்து எடுத்துக் கொடுப்பார். இரண்டாம் பாகத்தில் முழங்கால் வந்தது. மூன்றில் இடுப்பு, நான்கில் கைகள், ஐந்தில் மார்பு. இனி முகம் ஒன்றுதான் பாக்கி. ஐந்தையும் என் படுக்கைக்கு அடியில் பழைய தலையணை உறைக்குள் வைத்திருந்தேன். தினமும் மத்தியானம் எடுத்துக் கடைசிப் பக்கங்களை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைப்பேன்.

ஐந்தாம் பாகம் வந்த மூன்றாம் நாள், பாய் தலையணையை வெயிலில் போட எடுத்த அம்மா கையில் அது அகப்பட்டது. கூச்சல் போட்டிருந்தால் கூடத் தேவலை. அம்மா ஒவ்வொரு அட்டையாகப் பார்த்தார். நான் சாப்பாட்டில் கை வைக்காமல் எழுந்ததற்கும், கணக்கில் மதிப்பெண் குறைந்ததற்கும் அவருக்கு அப்போது காரணம் கிடைத்துவிட்டது.

“வீட்டுக்குள்ள பிசாசைக் கொண்டாந்து படுக்கைக்கு அடியில வச்சிருக்கா உங்க பொண்ணு. சருகு கொளுத்தறப்ப இதையும் போட்டுடப் போறேன்,” என்றார் அப்பாவிடம்.

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. “கொளுத்த வேண்டாம், புகை வரும். நான் ஆபீஸ் போற வழியில பழைய பேப்பர் கடையில போட்டுடறேன்,” என்றார். ஐந்தையும் தோல் பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். அன்று அப்பாவை நான் வெறுத்த மாதிரி அதற்குப் பிறகு யாரையும் வெறுத்ததில்லை.

நாலாம் நாள் அவர் கறுப்பு காலிகோ துணி அட்டை போட்ட ஒரு தடித்த புத்தகத்தோடு வந்தார். முதுகில் பொன் எழுத்தில் “விடுமுறை வேதாகமப் பாடங்கள்” என்று இருந்தது. அம்மா இருக்கும்போதே என் கையில் கொடுத்து, “கிழிக்காம படி,” என்றார். அப்பா சொல்வதை எல்லாம் நம்புகிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. ஆனால் பொன் எழுத்தை நம்பினார்.

மூலையில் உட்கார்ந்து திறந்தேன். மைதாப் பசை வாடை. உள்ளே என் பங்களா, என் மாடிப்படி, என் பேய்கள்! அட்டைகளைக் கழற்றிவிட்டு ஐந்து பாகங்களையும் ஒன்றாகத் தைத்திருந்தார்கள். நம் வீடுகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்துத் தைப்போமே, அப்படி. அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அந்தச் சந்தோஷம் முதல் பாகத்தின் கடைசிப் பக்கம் வரைக்கும்தான்.

ஓரம் இல்லை. பாதம் இல்லை, நம்பர் இல்லை, கையெழுத்து இல்லை. தாள் வழவழவென்று ஒரே நேராக வெட்டுப்பட்டிருந்தது. மூன்று, நான்கு, ஐந்து, எல்லாம் அதே கதி. இரண்டாம் பாகத்தில் மட்டும் முழங்கால் வெட்டு விளிம்பை ஒட்டி எப்படியோ தப்பித்திருந்தது. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, வேத வசனம் பிள்ளையின் மனதைத் தொட்டுவிட்டது என்று நெஞ்சில் கை வைத்துக் கொண்டார். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது வேறு எரிச்சல்.

அப்பாவிடம் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் பல் தேய்க்கும் இடத்துக்குப் போய், “எந்தக் கடையில வெட்டினீங்க? என்னை அங்க கூட்டிட்டுப் போங்க,” என்றேன்.

“எதுக்கும்மா?”

“வெட்டினது எனக்கு வேணும்.”

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் அழுதுகொண்டே நம்பரையும் குட்டிப் படத்தையும் விளக்கினேன். அப்பாவின் வாயில் பற்பசை நுரை அப்படியே நின்றது. அன்று ஆபீஸுக்கு லீவு போட்டார். எனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கப் போவதாக அம்மாவிடம் சொன்னார். போகிற வழியில் புத்தகக் கடையில் ஆறாம் பாகம் வந்து தொங்கிக்கொண்டிருந்தது. முப்பத்தொன்றை அண்ணா எடுத்து வைத்திருந்தார். முகம் கிடைத்துவிட்டது, உடம்புதான் இல்லை. ஓவியர் பொழிச்சலூரில் இருக்கிறார் என்று அவரிடமே விசாரித்து வைத்துக்கொண்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பைண்டிங் கடை பல்லாவரத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது. பைண்டர் கட்டிங் மெஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், பைண்டிங் நல்லா கீதா?”

“நல்லா இருக்கு. அந்த ஓரத்துல வெட்டின துண்டு...”

“நீதானே சார் சொன்ன? பாப்பா ஓரத்துல பச்ச இங்க்குல கிறுக்கி வெச்சுகீது, சுத்தமா வெட்டிக் குடுப்பான்னு. அஞ்சும் அஞ்சு சைஸு. ரெண்டாவது புக்குதான் சின்னது. அதுக்கு சமமா மத்தத வெட்டிட்டேன்.”

நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். மகளின் கிறுக்கல் இல்லாத சுத்தமான புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார். நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் பெரியவர்கள் செய்கிற அழிச்சாட்டியத்துக்கு ஈடே கிடையாது. நானும் என் பிள்ளைகளுக்கு அப்படி நிறையச் செய்திருக்கிறேன்.

“வேஸ்ட்டு மூட்டை நேத்துதான் கீய்க்கட்டளைக்குப் போச்சு. பழய பேப்பர் கடை. போய்ப் பாரு, உன் லக்கு,” என்றார் பைண்டர்.

கீழ்க்கட்டளைக்கு பஸ் பிடித்தோம். கடை என்று சொல்ல முடியாது; ஏரிக்கரைப் பக்கம் தகரக் கொட்டகை. உள்ளே சாக்கு மூட்டைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கொட்டகைக்கார அக்கா எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

“துண்டு பேப்பரா? இன்னாத்துக்கு?”

“அதுல என் பேய் இருக்கு,” என்றேன்.

அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையை ஆட்டினார். “இன்னா பேஜாரா கீது. சரி, தேடிக்கோ. கலைச்சத நீங்களே மூட்டை கட்டிட்டுத்தான் போணும்,” என்று ஒரு மூட்டையின் வாயை அவிழ்த்துவிட்டார்.

தகரம் தலைக்கு மேல் கொதித்தது. ரசீதுப் புத்தகத் துண்டு, நோட்டுத் துண்டு, கல்யாணப் பத்திரிகைத் துண்டு, மஞ்சள், ரோஸ், நீலம். பச்சை மைக்காகக் கையை விட்டு விட்டுப் பார்த்தேன். தாள் விளிம்பு கிழித்து விரலெல்லாம் எரிந்தது. அப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு முட்டி போட்டு உட்கார்ந்தார். அலுவலகத்தில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கூடப் பியூனை எடுத்து வரச் சொல்லும் மனிதர், குப்பைக்குள் தோள் வரை கையை விட்டுத் துழாவினார். முதல் துண்டை அவர்தான் கண்டுபிடித்தார்.

“இதுவா பாரும்மா. கொலுசு!”

இரண்டு நாளுக்குப் பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தேன். மத்தியானம் தாண்டுவதற்குள் இடுப்பும் கிடைத்தது, கைகளும் கிடைத்தன. ஐந்தாம் பாகத் துண்டு மட்டும் கிடைக்கவில்லை. மூட்டையின் அடிவரை கொட்டிப் பார்த்துவிட்டோம்.

“காலைல ரெண்டு கூடை அள்ளிக்கினு பூட்டாங்க, கண்ணாடி டம்ளர் பேக் பண்றதுக்கு. அதுல போயிருக்கும்,” என்றார் அக்கா.

“போதும்மா, ஆறுல அஞ்சு கிடைச்சிடுச்சு,” என்றார் அப்பா.

“மார்பு இல்லாம தலை எங்க நிக்கும்?” என்று கேட்டேன்.  எல்லாவற்றையும் மறுபடி மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, பொழிச்சலூருக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றேன்.

ஓவியர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று இருக்கும். விமான நிலையம் பக்கத்திலேயே என்பதால் விமானம் கூரையைத் தொட்டுவிடுகிற மாதிரி இறங்கும். ஒவ்வொரு தடவையும் சன்னல் கம்பி அதிர, பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். ஓவியர் லுங்கியும் பனியனுமாக இருந்தார். நான் நினைத்திருந்த மாதிரி தாடி எல்லாம் இல்லை. நான் அவர் மேஜையில் ஆறாம் பாகத்தின் முகத்தை மேலே வைத்தேன். ஒரு இடம் காலி விட்டு, கைகள், இடுப்பு, பைண்டு புத்தகத்தை விரித்து அதில் முழங்கால், கடைசியில் பாதம்.

அப்போதுதான் நானும் அதை முதல் தடவையாக மேலிருந்து கீழே சேர்த்துப் பார்த்தேன். முகம் மீசை வைத்த ஆம்பிளை, கண் இல்லை. கைகளில் வளையலும் கழுகு நகமும். இடுப்பில் வேட்டி. முழங்கால் வெறும் எலும்பு. பாதத்தில் கொலுசு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஒன்றோடு ஒன்று சேரவே இல்லை.

“ஆறும் சேர்ந்து ஒரு பேய் வரும்னு யாரும்மா சொன்னது?” என்றார் ஓவியர்.

“புத்தகக் கடை அண்ணா.”

அவர் தலையைச் சொறிந்தார். “நூறு புத்தகத்துல ஏதாவது போட்டுக் குடுன்னாங்க. நான் கை போன போக்குல போட்டேன். எந்த நம்பருக்கு என்ன போட்டேன்னு நான் பார்க்கவே இல்லையே பாப்பா.”

 இரண்டு மாதம், மிச்சம் பிடித்த காசு, கிழிந்த விரல்கள், எல்லாமே ஒரு கடைக்காரரின் வாய்ஜாலத்துக்காகவா? அப்பா என் தோளைத் தொட்டு, “வாம்மா, போகலாம்,” என்றார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கோணல் பேயை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசே இல்லை. அது அசிங்கமாக இருந்தது, ஆனால் என்னுடையதாக இருந்தது.

“அஞ்சாவது போடுங்க சார்.”

“போட்டாலும் பொருந்தாதேம்மா.”

“பொருந்தாமலே போடுங்க. முப்பத்தொண்ணுன்னு எழுதி, கையெழுத்தும் போடுங்க.”

 அவர் துண்டுகளின் வெட்டைத் தடவிப் பார்த்துக் குரல் உயர்த்தினார். “எந்த மடையன் இப்படி வெட்டினது?”

“நான்தாங்க,” என்றார் அப்பா. “குழந்தை கிறுக்கினதுன்னு நினைச்சு வெட்டச் சொல்லிட்டேன்.”

 அந்த நேரம் பார்த்து விமானம் ஒன்று இறங்கியது. அது போய்ச் சேர்வதற்குள் ஓவியருக்குச் சிரிப்புப் பொங்கி, இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “கிறுக்கலா? சரிதான் சார், கிறுக்கல்தான்!” என்றார். கெட்டித் தாளில் கட்டை விரல் அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கிக்கொண்டு பச்சைப் பேனாவைத் திறந்தார். “அப்படியே நில்லுங்க சார். அசையாதீங்க.”

அப்பா வாசல் நிலையருகே விறைப்பாக நின்றார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மீசைப் பேயின் தலைக்குக் கீழே ஒரு மார்பு வந்து உட்கார்ந்தது. அரைக்கைச் சட்டை, சட்டைப் பை, பையில் ஒரு பேனா, பேனாவுக்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும் சீசன் டிக்கெட். இரண்டாவது பொத்தான் இல்லாமல் சட்டை அங்கே லேசாகப் பிளந்திருந்தது. கீழே முப்பத்தொன்று, அதன் கீழே கையெழுத்து.

பஸ்ஸில் அப்பா என்னைச் சன்னல் ஓரம் உட்கார வைத்தார். துண்டுகள் எல்லாம் என் மடியில், பைண்டு புத்தகத்துக்குள் பத்திரமாக இருந்தன. தாம்பரத்தில் இறங்கும்போது, “அம்மாகிட்ட மறைக்க வேண்டாம்,” என்றார்.  அம்மா மறுபடி பிடுங்கிக் கொளுத்திவிட்டால் இனி எந்த மூட்டையில் போய்த் தேடுவேன்?

அம்மா மறுநாள் வகுப்புக்குப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார். “ஷூ எங்க?” என்று கேட்டார். அப்பா ஒட்டுகிற படங்களை ஒதுக்கிவிட்டு, பொன் எழுத்துப் புத்தகத்தை அம்மா முன்னால் திறந்து வைத்தார். நான் காட்டிய மாதிரியே ஆறையும் மேலிருந்து கீழே அடுக்கினார்.  அம்மா முன்னால் அவர் எதையும் எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

“நான் கடையில போடலை. பைண்ட் பண்ணி ஏமாத்தினேன். என் தப்பு,” என்றார். “ஆனா இது அவளோடது. அவ அலைஞ்சு சேர்த்தது. இப்ப இதுல நானும் இருக்கேன். கொளுத்தறதுன்னா பார்த்துக் கொளுத்து.”

அம்மா குனிந்து பார்த்தார். மீசையைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார், திரும்பிய பாதத்தைப் பார்த்தார். பிறகு பார்வை அந்தச் சட்டைப் பையில் போய் நின்றது. நிமிர்ந்து அப்பாவின் சட்டையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். 

“பட்டன் இல்லாத சட்டையோடவா அடுத்தவங்க வீட்டுக்குப் போய் நின்னீங்க?” என்றார். “கழட்டுங்க.”

ஊசி நூல் எடுக்க எழுந்து போனார். போகும்போது மின்விசிறியை நிறுத்தினார், துண்டுகள் பறந்துவிடாமல் இருக்க. அப்பா நின்ற இடத்திலேயே சட்டையைக் கழற்றினார்.